எவ்வூரார் நீர்? – வீடிழந்தோருக்கு ஊர் செய்த உதவியின் வரலாறு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாய்மொழி. உணவில்லாதவன் ஒருவேளை பிறரிடம் இரந்து உண்ணலாம். உடையில்லாதவன் ஒருவர் கழித்த உடையை வாங்கி உடுக்கலாம். வீட்டை இழந்தவனோ மனைவி மக்களோடும் பாய் தலையணையோடும் தெருவில் வந்து நிற்கின்றான். அவனை எங்கே வைப்பது? உறவினர் ஓரிரு நாள் இடங்கொடுப்பர். நண்பர் ஒரு கிழமைக்குத் திண்ணையை ஒழித்துக் கொடுப்பர். அதன் பின்னர் அவன் ஊரை நோக்கியே கைநீட்ட வேண்டும். அப்பொழுது ஊர் அவனை நோக்கிக் கேட்கும் முதற் கேள்வி, "உமக்கு என்ன வேண்டும்?" என்பதன்று, "நீர் எவ்வூரார்?" என்பதே.

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பல நாடுகளில் அது எழுதப்படாத வழக்கமாகவே இருந்து மறைந்தது. இங்கிலாந்திலோ வறியவரைக் காக்கும் பொறுப்பை ஊரின் தலையிற் சட்டம் சுமத்தியது. சுமத்தியதனால் வழக்குகள் எழுந்தன; வழக்குகள் எழுந்ததனால் ஏடுகள் நிறைந்தன. ஆகவே, வீடிழந்த ஒருவன் தன் அயலில் உதவி தேடிச் சென்றபோது நானூறு ஆண்டுகளாக அவனுக்கு நேர்ந்தது யாது என்பதை அந்நாட்டு வரலாற்றிலிருந்து நாம் தெளிவாக அறியலாம். அருகில் உள்ளவரே விரைந்து உதவ வல்லவர். கதவை முதலில் அடைக்க வல்லவரும் அவரே. இவ்விரு தன்மைகளும் ஒன்றோடொன்று போராடிய கதையே இப்பேச்சின் பொருளாகும்.

முதலாம் எலிசபெத்து மகாராணியாரின் ஆட்சி முடிவெய்தும் காலம். மடாலயங்கள் எட்டாம் ஹென்றி மன்னனின் காலத்திலேயே கலைக்கப்பட்டுவிட்டன. அவை வழங்கிய அன்னமும் படுக்கையும் அவற்றோடு மறைந்தன. விளைச்சல் பொய்த்தது, விலை ஏறியது, நிலமிழந்தோர் தெருக்களில் திரிந்தனர். இந்நிலையில் 1601 ஆம் ஆண்டில் ஏழையர் சட்டம் ஒன்று முழுவடிவில் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திற் கோயிற்பற்று என வழங்கிய ஊர்ப்பிரிவைப் போன்ற பிரிவு இங்கிலாந்திலும் உண்டு. அத்தகைய கோயிற்பற்று ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வாழும் வறியவரைத் தானே காக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆலயக் காப்பாளரும் ஊரில் வசதி படைத்த குடித்தலைவர் சிலரும் ஏழையர் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டனர். நிலமும் வீடும் உடையோரிடம் வரி திரட்டி, முதியோருக்கும் நோயாளருக்கும் பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கும் உதவுவது அவர்தம் கடமையாயிற்று.

இஃது ஒரு பெரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஈகை என்பது கொடுப்போர் விருப்பைப் பொறுத்தது. கடமை என்பது அவ்வாறன்று. வறியவனுக்கு ஊர் கடமைப்பட்டுள்ளது என்பதை ஓர் அரசு எழுத்தில் வடித்துச் சட்டமாக்கியது. ஆனால், "எங்கள் ஏழையை நாங்கள் காப்போம்" என்று ஊர் ஒப்புக்கொண்ட அன்றே, "எங்கள் ஏழை யார்?" என்னும் வினாவும் பிறந்துவிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 15,000 கோயிற்பற்றுக்களும் சிற்றூர்ப் பிரிவுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தன் வரிப்பணத்தைக் காத்துக்கொள்ள விரும்பியது. பக்கத்து ஊரின் ஏழை தன் ஊரின் ஏழையாகிவிடுவானோ என்று ஒவ்வொன்றும் அஞ்சியது.

அந்த அச்சம் 1662 ஆம் ஆண்டிற் சட்ட வடிவம் பெற்றது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னனின் காலத்தில் இயற்றப்பட்ட இச்சட்டத்தைக் குடியுரிமைச் சட்டம் என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது. ஊருரிமைச் சட்டம் எனலே தகும். ஒருவன் புதிதாக ஓர் ஊருக்கு வந்து, ஆண்டுக்கு 10 பவுணுக்குக் குறைந்த வாடகையுள்ள வீட்டிற் குடியேறினால், பிற்காலத்தில் அவன் ஊருக்குப் பாரமாகக்கூடும் என்று மேற்பார்வையாளர் முறையிடலாம். நாற்பது நாட்களுக்குள் முறையிட்டால், சமாதான நீதவான்கள் இருவர் கூடி விசாரித்து, அவனை அவனுக்கு உரிய ஊருக்குத் திருப்பி அனுப்பக் கட்டளையிடலாம். அவன் திருடியிருக்க வேண்டுவதில்லை, இரந்திருக்கவும் வேண்டுவதில்லை. வருங்காலத்தில் இரக்கக்கூடும் என்ற ஐயமே போதியதாயிருந்தது.

ஊருரிமை பெறும் வழிகளும் வகுக்கப்பட்டன. மனைவி கணவனின் ஊரைச் சேர்ந்தவள் ஆனாள். தொழில் பயிலும் சிறுவன் பயின்ற ஊரில் உரிமை பெற்றான். மணமாகாத வேலையாள் ஓராண்டு முழுவதும் ஒரே தலைவனிடம் ஊழியம் செய்தால் அவ்வூருக்கு உரியவன் ஆனான். இதனால் விளைந்த சூழ்ச்சியைப் பாருங்கள். ஆண்டொன்றுக்கு 52 கிழமைகள் அல்லவா? பண்ணைக்காரர் பலர் வேலையாட்களை 51 கிழமைக்கு மாத்திரம் அமர்த்தினர். ஒரு கிழமை குறைந்ததனால் அவனுடைய ஆண்டு முழுமையுறவில்லை. அவனுக்கு உரிமையும் இல்லை. வரிசெலுத்துவோர் நிம்மதியுற்றனர். உழைப்பு ஊருக்கு, முதுமை அவனுக்கு என்பதே அக்கணக்கு.

இன்றும் இங்கிலாந்தின் மாவட்ட ஆவணச் சாலைகளில் இவ்விசாரணை ஏடுகள் ஆயிரக்கணக்கிற் காணப்படுகின்றன. எழுத்தறியாத ஏழைகளின் வாழ்க்கை வரலாறுகள் அவை. எங்கே பிறந்தார், எவரிடம் எத்தனை மாதம் வேலை செய்தார், என்ன கூலி பெற்றார், எப்பொழுது மணம் முடித்தார் என்பனவெல்லாம் நீதவான் முன்னிலையிற் சொல்லப்பட்டு எழுதப்பட்டுள்ளன. அடியிற் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி இருக்கும். இவ்விசாரணைகளிற் பெரிதும் துன்புற்றோர் பெண்களே. கணவனை இழந்த பெண், தான் ஒருநாளும் கண்டறியாத கணவனின் ஊருக்கு வண்டியேற்றி அனுப்பப்பட்டாள். மணமாகாது கருவுற்ற பெண்ணின் நிலை இன்னும் கொடியது. மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த ஊரே உரிய ஊர் என்பது சட்டமாதலால், குழந்தை பிறக்குமுன் தாயை எல்லை கடத்திவிட ஊர்கள் விரைந்தன.

அறிஞர் ஆடம் ஸ்மித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பொருளியற் பெருநூலில் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். வேலை உள்ள இடத்துக்கு உழைப்பாளி செல்லவொட்டாமல் தடுக்கும் சட்டம் அவனுக்கும் நாட்டுக்கும் கேடு என்பது அவர் கருத்து. 1795 ஆம் ஆண்டில் சட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டது. உண்மையாகவே உதவி கேட்ட பின்னரன்றி ஒருவனை அகற்றலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆயினும் அதன் பயன் யாதாயிற்று? உதவி கேட்டால் அகற்றப்படுவோம் என்று அஞ்சிப் பலர் பட்டினியோடு வாய்மூடி இருந்தனர். உதவி கேட்பதற்கே அஞ்சச் செய்வது உதவியை மறுப்பதன் இன்னொரு வகை அல்லவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் எழுந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1834 ஆம் ஆண்டிற் பழைய ஏழையர் சட்டம் திருத்தப்பட்டது. பல கோயிற்பற்றுக்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன; ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு வேலைமடம் அமைந்தது. மடம் என்றதும் வழிப்போக்கருக்கு நிழலும் நீரும் அளித்த நம் நாட்டு மடங்களை நேயர்கள் நினைத்துக்கொள்ளலாகாது. வெளியே உழைத்து வாழும் மிக வறிய கூலியாளின் நிலையைவிட உள்ளே வாழ்பவன் நிலை தாழ்ந்ததாய் இருக்கவேண்டும் என்பதே அவ்வேலைமடத்தின் கொள்கை. வாயிலிற் புகுந்ததும் கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், பிள்ளைகள் ஒருபுறம் எனக் குடும்பம் பிரிக்கப்பட்டது. வீடிழந்தவன் கூரையைப் பெற்றான். கூரைக்கு விலையாகக் குடும்பத்தைக் கொடுத்தான்.

ஊரூராய்த் திரிவோருக்கு வேறொரு பகுதி இருந்தது. அங்கே ஓர் இரவு தங்கலாம். மறுநாட் காலையிற் கல்லுடைத்தோ பழங்கயிற்றைப் பிரித்து நாரெடுத்தோ அதற்கு ஈடு செய்யவேண்டும். வெட்டவெளியிற் படுப்போமெனில், 1824 ஆம் ஆண்டின் அலைவோர் சட்டம் அதனையும் குற்றமாக்கியிருந்தது. 1866 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிரீன்வூட் என்னும் பத்திரிகையாளர் கந்தலணிந்து, இலண்டனில் லாம்பெத் வேலைமடத்தில் ஓர் இரவைக் கழித்து, தாம் கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். அழுக்கு நீரையும் நெருக்கமான படுக்கைகளையும் பற்றிய அவ்வெழுத்து நாட்டையே திடுக்குறச் செய்தது.

ஊருரிமை என்னும் பழைய முடிச்சு இக்காலத்திற் சிறிது சிறிதாகவே அவிழ்ந்தது. ஐந்தாண்டு ஓரிடத்தில் வாழ்ந்தவரை அகற்றலாகாது என்று 1846 ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. 1865 ஆம் ஆண்டில் அக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த இடைக்காலத்தில், 1847 ஆம் ஆண்டிற் பெரும் பஞ்சத்துக்குத் தப்பி லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கிய அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். ஊரின் உரிமைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

இதுகாறும் கூறியது சட்டம் செய்த உதவி. இனி அயலார் செய்த உதவியைக் காண்போம். முதல் உலகப் போர் நிகழ்ந்த காலம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திற் போர்த் தளவாடங்கள் செய்யவும் கப்பல்கள் கட்டவும் தொழிலாளர் வந்து குவிந்தனர். வீடுகள் போதாமையினால் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்தினர். கணவன்மார் போர்க்களத்தில் நிற்க, மனைவிமார் வாடகை செலுத்த இயலாது தவித்தனர். 1915 ஆம் ஆண்டில் கோவன் என்னும் பகுதியில் மேரி பார்பர் என்னும் அம்மையார் பெண்களை ஒன்றுதிரட்டினார். உயர்த்திய வாடகையைச் செலுத்துவதில்லை என்று அவர்கள் உறுதி பூண்டனர். வீட்டை விடமாட்டோம் என்னும் அறிவித்தல் சன்னல்தோறும் ஒட்டப்பட்டது.

அவர்கள் கையாண்ட முறை மிக எளிது. தெருவின் முகப்பில் ஒரு பெண் கைமணியுடன் காவல் இருப்பாள். குடியெழுப்பும் உத்தியோகத்தர் வருவதைக் கண்டதும் மணியை அடிப்பாள். அடுக்களையில் நின்ற பெண்கள் செய்த வேலையை விட்டுவிட்டு, கையில் அகப்பட்ட மாப்பொட்டலத்தோடு படிக்கட்டுகளில் வந்து நிறைவர். உத்தியோகத்தர் உடையெல்லாம் மாப்பூசித் திரும்பிச் செல்வர். நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் இம்மறுப்பிற் சேர்ந்திருந்தன. நவம்பர் 17 ஆம் நாள் வாடகை செலுத்தாத தொழிலாளர் மீது நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்களும் தொழிலாளரும் நீதிமன்ற வாயிலிற் கூடினர். வழக்குகள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு முடியுமுன்னரே, சிறு வீடுகளின் வாடகை 1914 ஆகஸ்டு மாதத்தில் இருந்த அளவுக்கு மேற்போகலாகாது என்னும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மேரி பார்பர் 1920 ஆம் ஆண்டில் மாநகர சபை உறுப்பினர் ஆனார். 2018 ஆம் ஆண்டிற் கோவனில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அப்பெண்களில் எவரும் தம் அயல்வீட்டாளை நோக்கி, "நீ எந்த ஊரவள்?" என்று வினவவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்தனர். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவதே அவர்களுக்குப் போதிய உறவாயிருந்தது. போர்க்காலத்தில் வாடகையைக் கட்டுப்படுத்தும் அக்கொள்கை பின்னர்க் கடல்கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அதன் வழிவந்ததே.

அயலார் கூடி நின்றால் ஒரு நாளின் அபாயத்தைத் தடுக்கலாம். ஆனால், சட்டம் யாது கூறுகின்றது, எந்த அலுவலகத்துக்குச் செல்லவேண்டும், எவ்வாறு எழுதவேண்டும் என்பவற்றை அறிய வேறு துணையும் வேண்டும். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியா இறங்கிய மறுநாள், 1939 செப்ரெம்பர் 4 ஆம் நாள், குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் பிரித்தானியாவில் ஏறத்தாழ 200 இடங்களிற் செயற்படத் தொடங்கின. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் காணாமற்போன உறவினரைத் தேடியோருக்கும் தொண்டர்கள் மேசையிட்டு அமர்ந்து வழிகாட்டினர். போர் முடிந்தும் அந்நிலையங்கள் முடியவில்லை. அவை இன்றும் இயங்குகின்றன. 1970 ஆம் ஆண்டில் இலண்டனின் வட கென்சிங்டன் பகுதியில் முதலாவது சட்ட நிலையம் திறக்கப்பட்டது. கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவி ஏழையின் தெருமுனைக்கே வந்தது.

1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்துக்கு முற்றுப்புள்ளி இட்டது. முன்கூட்டி அறியமுடியாத காரணத்தால் வீடிழந்து அவசரத் தேவையில் உள்ளோருக்குத் தற்காலிகத் தங்குமிடம் அளிப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையென அது கூறியது. சட்டம் மாறிற்று, கட்டடங்கள் மாறவில்லை. பல இடங்களிற் பழைய வேலைமடங்களே புதிய விடுதிகளாயின. பழைய வழக்கமும் அங்கே குடியிருந்தது. தாயும் பிள்ளைகளும் விடுதியில் தங்கலாம். கணவன் வெளியே செல்லவேண்டும். குறித்த காலத்துள் வீடு தேடிக்கொள்ளாவிடிற் பிள்ளைகள் தாயிடமிருந்தும் பிரிக்கப்படுவர். கென்ற் மாவட்டத்தில் கிங்ஹில் என்னும் விடுதியில் 1965 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் கணவன்மார் இவ்விதியை மீறித் தம் மனைவி மக்களோடு தங்கினர். நீதிமன்றத் தடையையும் பொருட்படுத்தாது சிலர் சிறை புகுந்தனர். மனைவியோடு ஒரு கூரையின் கீழ் இருந்ததே அவர்கள் செய்த குற்றம்.

இக்கொடுமையை நாடறியச் செய்தது ஒரு நாடகம். 1966 நவம்பர் 16 ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில், ஜெரமி சான்ட்போர்ட் எழுதி கென் லோச் நெறிப்படுத்திய, 'கேத்தி, வீட்டிற்கு வா' என்னும் நாடகம் ஒளிபரப்பாயிற்று. ஓர் இளங்குடும்பம் படிப்படியாக வீடிழந்து, இறுதியிற் புகையிரத நிலையத்தில் தாயிடமிருந்து பிள்ளைகள் பறிக்கப்படும் காட்சியுடன் அது முடிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர். அடுத்த மாதம் முதலாம் நாள் புரூஸ் கென்ரிக் என்னும் குருவானவரின் முயற்சியால் 'ஷெல்ட்டர்' என்னும் தருமநிலையம் தொடங்கியது. நாடகத்தினால் நிலையம் பிறந்தது எனப் பலர் கூறுவர். அது சரியன்று, நிலையத்துக்கான ஏற்பாடுகள் முன்னரே நடைபெற்றிருந்தன. நாடகம் கண்ட மக்களின் நெஞ்சம் நெகிழ்ந்திருந்த வேளையில் நிலையம் அவர்களை நாடியது என்பதே உண்மை.

ஆயினும் சட்டம் மாற மேலும் பதினோராண்டுகள் சென்றன. வீடிழந்தோரைக் காப்பது சமூக சேவைப் பகுதியின் பொறுப்பு. வீடுகளோ வீடமைப்புப் பகுதியின் கையில். நாட்டுப்புறங்களில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு மன்றங்களுக்கு உரியன. ஆதலால், ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைச் சுட்டிக்காட்ட, பிள்ளையை இடுப்பிற் சுமந்த தாய் இரண்டுக்குமிடையே நடந்துகொண்டிருந்தாள். வைற்றுத் தீவின் பாராளுமன்ற உறுப்பினரான ஸ்டீபன் ரோஸ் கொண்டுவந்த தனியார் மசோதா 1977 ஆம் ஆண்டிற் சட்டமாகி, அப்பொறுப்பை வீடமைப்பு மன்றங்களின் மீது ஐயத்துக்கிடமின்றிச் சுமத்தியது. பிள்ளைகளையுடைய குடும்பங்கள், கருவுற்ற பெண்கள், முதுமையாலோ நோயாலோ தளர்ந்தோர், தீ வெள்ளம் முதலியவற்றால் வீடிழந்தோர் ஆகியோருக்கு முன்னுரிமை கிடைத்தது. குடும்பத்தைப் பிரித்து வைக்கும் வழக்கம் சட்டத்தின் ஆதரவை இழந்தது.

ஆனால், பழைய கேள்வி வேறோர் உடை உடுத்து அச்சட்டத்துள்ளும் புகுந்துவிட்டது. கடற்கரைப் பட்டினங்களும் பெருநகரங்களும், எல்லாரும் தம்மிடமே வந்து குவிவர் என்று அஞ்சின. எனவே, 'உள்ளூர்த் தொடர்பு' என்றொரு விதி சேர்க்கப்பட்டது. வதிவு, தொழில், குடும்ப உறவு முதலியவற்றால் இவ்வூரோடு தொடர்பில்லாதவனை, தொடர்புள்ள வேறோர் ஊருக்கு மன்றம் ஒப்படைக்கலாம். 1662 ஆம் ஆண்டின் நீதவான்கள் உயிர்பெற்று வந்திருந்தால் இவ்விதியை உடனே இனங்கண்டிருப்பர். எனினும் பெரிய வேறுபாடுகள் மூன்று உள. எவ்வூரோடும் தொடர்பில்லாதவனை முதலிற் கண்ட ஊரே ஏற்கவேண்டும். வீட்டில் வன்முறைக்கு அஞ்சி ஓடிவந்தவளை அந்த அபாயம் உள்ள ஊருக்கே திருப்பி அனுப்பலாகாது. இரண்டு மன்றங்கள் தம்முள் வழக்காடும் நாட்களில், முன்னுரிமையுள்ள குடும்பத்துக்கு முதல் மன்றமே கூரை அளிக்கவேண்டும்.

நம்மவரும் இக்கேள்வியின் முன் நின்றனர். 1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் புகலிடம் தேடி இலண்டனை அடைந்தனர். 1996 ஆம் ஆண்டில் நாட்டினுள் வந்தபின் புகலிடம் கோரியோருக்கு அரசாங்க உதவிப்பணமும் வீட்டுதவியும் மறுக்கப்பட்டன. பல நாட்டு அகதிகள் பசியோடு தெருவில் நின்ற அவ்வேளையில், அவர்களுக்குத் துணையாக வந்தது மறக்கப்பட்டுக் கிடந்த அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டமே. அச்சட்டத்தின்படி அவர்களுக்கு உறைவிடமும் உணவும் அளிக்க உள்ளூராட்சி மன்றங்கள் கடமைப்பட்டவை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1999 ஆம் ஆண்டின் சட்டம் அவ்வழியை ஒடுக்கி, அகதிகளை அரசாங்கம் தெரிந்த ஊர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. ஊரைத் தெரியும் உரிமை அவர்களுக்கு இல்லையாயிற்று.

இனி அண்மைக் காலத்து நிலை. 2018 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, உதவியின் காலத்தை முன்னே நகர்த்தியது. தெருவுக்கு வந்த பின்னரன்று, 56 நாட்களுள் வீடிழக்கக்கூடும் என்ற நிலையிலேயே ஒருவர் மன்றத்தை நாடலாம். முன்னுரிமை உண்டோ இல்லையோ, அவர் நிலையை ஆராய்ந்து, அவருக்கென ஒரு திட்டம் எழுதி, வீட்டைக் காக்கவோ வேறு வீடு தேடவோ மன்றம் உதவவேண்டும். ஆகவே அங்கு வாழும் ஒருவருக்கு வீட்டை விடும்படி அறிவித்தல் கிடைத்தால், அவர் செய்யத்தக்கன சில உள. அறிவித்தல் வந்த நாளிலேயே அதனையும் வாடகை உடன்படிக்கையையும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்கோ ஆலோசனை நிலையத்துக்கோ செல்லவேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி எவரும் வாடகைக் குடும்பத்தைப் பலவந்தமாக வெளியேற்றல் பெரும்பாலும் சட்டவிரோதம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அறிவுரை பெறாமல் அவசரப்பட்டு வெளியேறுதல் கூடாது. தாமே வீட்டை இழந்தார் என்று அது கணிக்கப்படக்கூடும். மன்றத்தின் முடிவு பாதகமாயின், 21 நாட்களுள் மீளாய்வு கேட்கலாம். இவற்றை அறியாமையாலேயே பலர் தமக்குரிய உதவியை இழக்கின்றனர்.

ஸ்கொட்லாந்து இன்னும் ஒருபடி முன்னேறியது. முன்னுரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாட்டை 2012 ஆம் ஆண்டின் முடிவில் அது நீக்கியது. 2022 நவம்பரில், உள்ளூர்த் தொடர்பு இல்லையென்று ஸ்கொட்லாந்தின் ஒரு மன்றம் மற்றொரு மன்றத்துக்கு ஒருவரை ஒப்படைக்கும் அதிகாரமும் நிறுத்தப்பட்டது. மேரி பார்பரின் நாட்டில், "நீர் எவ்வூரார்?" என்னும் கேள்வி இங்ஙனம் சட்டத்திலிருந்து விலகியது. கேள்வி விலகியதனால் வீடுகள் பெருகிவிடவில்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் கிளாஸ்கோ, எடின்பரோ முதலிய மாநகரங்களின் மன்றங்கள் வீடமைப்பு நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்யும்படி நேர்ந்தது. உரிமையை எழுதுதல் ஒன்று. செங்கல்லை அடுக்குதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும்.

நம் நாட்டிலும் வதிவிடச் சான்றிதழுக்காகக் கிராம உத்தியோகத்தரின் வாயிலில் நிற்கும் மக்களை நாம் அறிவோம். போராலும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்தோர்க்கு, தாம் எவ்வூரார் என்பதைக் காட்டும் தாள் முதலில் நனைந்து அழிந்துவிடுகின்றது. உதவி பெறுவதற்கு முதலில் வேண்டப்படுவதும் பெரும்பாலும் அத்தாளே. ஊர் என்னும் அமைப்பை நாம் குறைகூறவில்லை. தூரத்து அரசாங்கம் ஒரு மனிதனின் பெயரை அறியுமுன்னர், ஊரார் அவன் பிள்ளையின் பசியை அறிவர். ஆயினும், அந்த அறிவு அன்பாக நிலைத்திருக்க, கதவை அடைக்கவொட்டாத சட்டம் ஒன்று அதன் பின்னே நிற்றல் வேண்டும் என்பதையே நானூறு ஆண்டு வரலாறு நமக்குக் கூறுகின்றது.

வீடிழந்த ஒருவர் நம் படலையில் வந்து நிற்கும்போது, அவர் ஊரைக் கேட்பதில் தவறில்லை. முதலில் அவரை உள்ளே இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்போமாக.